சாமு தொடங்காத ஜெபம்

போன வாரம் முட்டிவலிக்காகச் செங் என்ற ஊரில் இருக்கும் கிளினிக்குக்குப் போயிருந்தேன். டாக்டர் சின்னப் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும். முழங்கால்களை அமுக்கிப் பார்த்தவள், தோல் காய்த்துப் போயிருப்பதைக் கண்டு, "ஆன்டி, நீங்க தோட்டத்துல வேல செஞ்சீங்களா?" என்று கேட்டாள். இல்லையம்மா, ஜெபம் பண்ணிக் காய்த்தது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே முட்டி போடாதீங்கலா. ஒக்காந்தே கும்புடுங்க, கடவுள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." கடவுளைப் பற்றி அவ்வளவு உறுதியாக அவள் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வயதாகியும் எனக்கு அந்த உறுதி வந்தபாடில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாய் ஞாபகமாகவே இருந்தது. சின்ன வயதில் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டில் ஒரு மெங்குவாங் பாய் இருந்தது. தாழை மடலில் பின்னிய பாய். அதில் கொஞ்ச நேரம் முழங்காலிட்டு எழுந்தால் பின்னல் அப்படியே தோலில் பதிந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அம்மைத் தழும்பு என்று நினைத்து என்னை ஒட்டி உட்காரமாட்டார்கள். பக்திக்கு நான் கொடுத்த முதல் விலை அது என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். சாயங்காலம் வந்து குளித்தாலும் அவர் மேல் டீசல் வாடை போகாது. விளக்கு வைத்ததும் பாயை விரிப்பார். ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஜெபம். பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட ஒரு செட்டி குடும்பம். அந்த வீட்டம்மாவுக்குத் தமிழ் வராது, மலாய்தான். எங்கள் பாட்டுச் சத்தம் கேட்டதும்தான் அவர் தம் சாமி படத்துக்குச் சாம்பிராணி போடுவார். அதுதான் அவருக்குக் கடிகாரம். புகை பலகைச் சந்து வழியாக எங்கள் பாய்க்கு வந்துவிடும். அப்பா முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு பழகிக்கொண்டார். இன்றைக்கும் சாம்பிராணி வாசம் வந்தால் எனக்கு வேதம் வாசிக்கத் தோன்றும். போதகரிடம் இதைச் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஜெபத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. வீட்டிலேயே சின்னவர்தான் தொடங்க வேண்டும். முதலில் தம்பி சாமு, அடுத்து நான், பிறகு அண்ணன், அம்மா, கடைசியில் அப்பா. குழந்தை பேசினால் கடவுள் காதைச் சாய்ப்பார், அந்தச் சந்தில் பெரியவர்களும் தங்கள் விண்ணப்பங்களை நுழைத்துவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு.

சாமு வாயைத் திறந்தால் மூடமாட்டான். "ஆண்டவரே, அப்பா பஸ்ஸ ஆசீர்வதிங்க. பஸ் டயர ஆசீர்வதிங்க. டிரைவர் மாமா தொப்பிய ஆசீர்வதிங்க. பக்கத்து வூட்டு வாத்த ஆசீர்வதிங்க, ஆனா அது என்னயத் தொரத்தாம இருக்கணும்." ஒரு கண்ணைத் திறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் ஆசீர்வதிக்கச் சொல்வான். "சுருக்கமாச் சொல்லுடா, சுருக்கமா" என்று அப்பா முணுமுணுப்பார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவாள். இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர்தான் அந்த வயதில் எனக்குக் கடவுள்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த மாதங்களில் சாமுவுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் திரும்பி வரவில்லை. இதை இவ்வளவு சுருக்கமாகத்தான் என்னால் இப்போதும் எழுத முடிகிறது.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அப்பா ஒரு சாயங்காலம் பாயை விரித்தார். பாட்டு இல்லை. அதிகாரத்தை வாசித்தார், முழங்காலிட்டோம், கண்ணை மூடினோம். யாரும் பேசவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல அது. பழக்க தோஷத்தில் நாலு பேருமே சாமு தொடங்குவான் என்று காத்திருந்தோம். அவன் இல்லை என்பது ஆஸ்பத்திரியிலும் தெரியவில்லை, குழிமேட்டிலும் தெரியவில்லை, அந்தப் பாயில்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் விம்மத் தொடங்கினான். அப்பா ஆமென் சொல்லிப் பாயைச் சுருட்டிவிட்டார்.

மறுநாள் அப்பா, "பாப்பா, நீ ஆரம்பிம்மா" என்றார். இப்போது சின்னவள் நான்தானே. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நான் தொடங்கினால் அது அவன் இடத்தில் போய் உட்காருவதாக ஆகிவிடும். அம்மா கண்ணைத் திறக்காமலே, "அவ வேணாங்க" என்றாள்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். பாய் விரியும், நாலு பேர் முழங்காலிடுவோம், யாரும் பேசமாட்டோம், அப்பா ஆமென் சொல்வார். அம்மா அதைக்கூடச் சொல்லவில்லை. கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். சபைப் பெண்கள் வந்து, "எல்லாம் அவரு சித்தம், சிஸ்டர்" என்பார்கள். அம்மா அவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். அப்பா பயந்துபோனார். மகன் போய்விட்டான், இப்போது மனைவியும் கடவுளை விட்டுப் போகிறாள், அப்புறம் இந்த வீட்டில் என்ன மிஞ்சும் என்ற பயம். "வூட்டுக்காரி ஜெபம் பண்றதில்ல ஐயா" என்று போதகரிடம் அவர் சொன்னபோது குரல் உடைந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கும் அதே பயம்தான். அம்மா கடவுளோடு பேச்சை முறித்துக்கொண்டால் நான் யார் பக்கம் நிற்பது?

எங்கள் பாட்டு நின்றதில் பக்கத்து வீட்டம்மாவுக்குச் சாம்பிராணி போடும் நேரமும் தவறிப்போயிற்று. ஒரு நாள் வேலியோரம் நின்று, "தா ஞாஞி?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். பாடவில்லையா என்று. அம்மா, "பெலோம்" என்றாள். 'இன்னும் இல்லை' என்று அர்த்தம். 'மாட்டேன்' என்று அவள் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பல நாள் தூங்கினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சில்லாத சாயங்காலங்களில்தான் நான் கடவுளிடம் நெருங்கினேன். அதற்கு முன்பு ஜெபம் என்றால் பாடம் ஒப்பிப்பது மாதிரி. இப்போது ஒப்பிக்க ஒன்றும் இல்லை. ஏன் எடுத்தீர் என்று மனதுக்குள் கேட்பேன். பதில் வராது. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து போகவில்லை என்று மட்டும் தெரியும். அவரும் எங்களோடு அந்தப் பாயில் சொல்லத் தெரியாமல் முழங்காலிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மெர்டேக்கா அன்றைக்குச் சாயங்காலம் தெருவே வெளியில் நின்றது. லாரிகளில் பையன்கள் கொடியை ஆட்டிக்கொண்டு கத்தியபடி போனார்கள். அப்பா கதவைச் சாத்திப் பாயை விரித்தார். கண்ணை மூடினோம். வெளியே "மெர்டேக்கா, மெர்டேக்கா" என்று சத்தம். அதற்கு நடுவே அம்மாவின் குரல் வந்தது.

"ஆண்டவரே, ஊரு முழுக்க ரோட்டுல நிக்குது. எம்புள்ள மட்டும் இல்ல. ஒங்க மேல எனக்குக் கோவம். கோவத்தோடதான் வந்திருக்கேன், வேற எப்புடி வர்றதுன்னு தெரியல. அவன் நெறையா பேசுவான். சுருக்கமாச் சொல்லுன்னு மட்டும் சொல்லிறாதீங்க."

அப்பா அழுததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அவர் நெற்றி பாயில் பட்டது. அம்மா ஆமென் சொன்னாள். பிறகு அப்பா ஜெபித்தார், அண்ணன் ஜெபித்தான், கடைசியில் எனக்கும் குரல் வந்தது. வீட்டு முறை அன்றோடு மாறிவிட்டது. அதன் பிறகு எப்போதும் அம்மாதான் தொடங்கினாள், சின்னவளான நான் முடித்தேன். சாமுவின் இடத்தில் கடைசிவரை யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்ள அவள் கண்டுபிடித்த வழி அது.

அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். பக்கத்து வீட்டம்மா போய் வெகுகாலம் ஆகிறது. அப்பா போனார், அண்ணனும் போனான். அம்மா பத்து பெரெண்டாம் என்ற ஊரில் என்னோடுதான் இருந்தாள். கடைசி மாதங்களில் என் பெயரே மறந்துபோனவள் சாயங்காலமானால் "ஆண்டவரே" என்று தொடங்கிவிடுவாள், நான் முடிப்பேன். இப்போது அவளும் இல்லை. மகளும் பேத்தியும் பக்தியானவர்கள்தான், அவரவர் அறையில், அவரவர் நேரத்தில் ஜெபிக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுத் தாய் தொடங்க வேண்டும் என்ற அம்மாவின் முறைப்படி இனி நான்தான் தொடங்க வேண்டும். தொடங்குகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் கண்ணைத் திறக்க மனம் வருவதில்லை. எனக்கு அடுத்துச் சின்னவன் பேசட்டும் என்று காத்திருக்கிறேன்.