நானும் வரட்டா?

எனக்குக் கோபம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் இறங்கவில்லை.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் இருப்பவள் மும்தாஜ். கடையநல்லூர்க்காரி. கணவர் எர்ணாகுளத்தில் ஹோட்டல் சமையல்காரர். மகள் ஷிஃபாவுக்கு ஏழு வயது. நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லத் திணறுவாள்.

ஸ்கூலிலிருந்து கூப்பிட்டார்கள். மும்தாஜுக்கு மலையாளம் பிடிபடாது. நானும் கூடப் போனேன்.

"இந்தக் குட்டிக்கு மரியாதையே இல்ல. விளையாடுற பிள்ளைங்களப் பிடிச்சுத் தள்ளுது. கேட்டா முழிக்குது," என்றார் டீச்சர் மலையாளத்தில். "வீட்ல தமிழ் பேசாதீங்க, குழம்பிடும்னு ஸ்கூல் திறந்தப்பவே இதோட அப்பாகிட்ட சொன்னேனே?"

நான் தமிழில் சொன்னேன். மும்தாஜ் தலை நிமிரவில்லை.

"பேசலக்கா. நாலு மாசமா அவகிட்ட தமிழே பேசல. மலையாளமும் எனக்கு வராது. அதான்... சாப்பிடணும்னா தட்டைக் காட்டுவேன். தூங்கணும்னா பாயைக் காட்டுவேன்."

பேசத் திணறும் குழந்தை. ஸ்கூல் விட்டு வந்தால் அவளுக்குத் துணை அம்மா மட்டும்தான். அந்த வாயையும் அடைத்திருக்கிறார்கள் – அக்கறையாக!

தேவராவில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போனோம். ஷிஃபாவை மற்ற பிள்ளைகளோடு விட்டு, அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தள்ளல சேச்சி. விளையாடக் கூப்பிடுறா. எப்படிக் கேக்கணும்னு தெரியல, கை முந்திக்குது." மும்தாஜ் பக்கம் திரும்பினார். "நீங்க எந்த மொழியில கொஞ்சுவீங்களோ அதுலயே பேசுங்க. ரெண்டு மொழி கேட்டு எந்தப் பிள்ளையும் கெட்டுப் போகாது."

நான் தமிழில் சொன்னதும் மும்தாஜ் அங்கேயே அழுதுவிட்டாள்.

தினமும் வீட்டில் பயிற்சி. நான்தான் விளையாடும் பிள்ளை. வீட்டுக்கு "நானும் வரட்டா?" தெருவுக்கு "ஞானும் வரட்டே?" இதில் எது எதைக் குழப்பும்? யாராவது சொல்லுங்களேன்.

போன சனிக்கிழமை தெருப் பிள்ளைகள் கட்டம் போட்டுப் பாண்டி ஆடினார்கள். ஷிஃபா பக்கத்தில் போய் நின்றாள். கை நீண்டது. இறக்கிக்கொண்டாள்.

"ஞானும்... வரட்டே?"

"வேண்டா," என்றாள் ஒரு பெரிய பெண்.

ஷிஃபா தள்ளவில்லை. நேரே அம்மாவிடம் வந்தாள்.

"கேட்டேம்மா. அவ வேணாங்குறா."

மகள் முதல்முறையாக ஒரு புகார் சொல்கிறாள்! மும்தாஜ் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்புறம், "இன்னொரு தடவை போய்க் கேளு," என்றாள்.

போனாள். கேட்டாள். இடம் கிடைத்தது.

திங்களன்று டீச்சரைப் பார்த்தேன். அந்த நாலு மாதத்தையும் விடாமல் சொன்னேன்.

"இப்ப சரியாயிடுச்சுல்ல?" என்றார்.

மன்னிப்பு கேட்க அவருக்கு வார்த்தை வரவில்லை. அதற்கு எந்த தெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போவது?