ஏலகிரிக்குக் கட்டிய பைகள்

ஏலகிரிக்குப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போதே சந்தனமாரி பை கட்ட ஆரம்பித்துவிட்டாள். மூன்று நாள் மலையில் இருந்துவிட்டு வர இத்தனை ஆர்ப்பாட்டமா என்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பென்னலூரில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கென்ன, சிரிப்பார்கள். அவர்கள் பிள்ளையா கைவிட்டுப் போகப்போகிறது?

பிள்ளையின் பெயர் கவியா. ஐந்து வயது. அப்பா வேல்ராஜ் ஒரகடம் சாலையில் பைக்கோடு விழுந்து செத்தபோது அவளுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. கம்பெனி ஷிப்ட் வேலையும் கைக்குழந்தையுமாகச் சந்தனமாரி அல்லாடிக்கொண்டிருந்ததைப் பார்த்த வேல்ராஜின் அக்கா செல்வலட்சுமி, "நான் வளக்கேன், நீ மொதல்ல நிமிந்து நில்லு" என்று குழந்தையைக் கோவில்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். செல்வலட்சுமிக்குப் பிள்ளை கிடையாது, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு குறை சொல்ல முடியாதபடி வளர்த்தாள். இப்போது அதுதான் சிக்கலே. போன பொங்கலுக்குச் சந்தனமாரி ஊருக்குப் போயிருந்தபோது, கவியா அத்தையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவங்க எப்ப போவாங்க?" என்று கேட்டாள்.

ஜூனில் கவியாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பென்னலூரிலேயே சேர்ப்பது என்று சந்தனமாரி முடிவெடுத்தாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, பகல் ஷிப்ட் மட்டும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கார அம்மா கன்னியம்மா தன் மாடிப் போர்ஷனை மே கடைசியில் தருவதாகவும், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் போனில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது, செல்வலட்சுமி ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் சரித்தான். ஒனக்கு ஒல வைக்கத் தெரியுமா இப்ப? வருசக்கணக்கா கேண்டீன்ல திங்கிறவ நீ. ஒரு மூணு நாளு ஆக்கிப் போடு. நானும் வாரேன். பிள்ள திங்குதா, ஒங்கிட்ட ஒட்டுதான்னு பாப்போம். பெறகு பேசுவோம்."

அதாவது பரீட்சை. மூன்று பெண்கள் கும்பலாகப் படுக்கும் அறையில் அதை எழுத முடியாது. மே கடைசியில் கம்பெனியில் மிஷின்களைப் பிரித்துப் பார்க்க ஒரு வாரம் ஷட்டவுன். லைனில் கூட வேலை பார்க்கும் உதயசூரியனுக்குத் தெரிந்தவர்கள் ஏலகிரியில் வீடு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே அடுப்பு, கேஸ், பாத்திரம் எல்லாம் உண்டு, மற்றதை நாம்தான் கொண்டுபோக வேண்டும், நாமே சமைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னதும், சந்தனமாரி சரி என்றுவிட்டாள்.

மற்றதை எடுத்து வைப்பதில் அவளுக்குப் பயமே இல்லை. கம்பெனியில் அவள் வேலையே அதுதான். ஒரு சாதனம் முழுதாக உருவாக வேண்டிய அத்தனை உதிரிகளையும் ஒரு தட்டில் எடுத்து வைத்து லைனுக்கு அனுப்ப வேண்டும். ஒரு திருகாணி குறைந்தாலும் லைன் நின்றுபோகும், சூப்பர்வைசர் வானுக்கும் பூமிக்கும் குதிப்பார். அதே முறையில், அறைத் தரையில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் பரப்பினாள். முதல் நாள் ராத்திரிக்கு ரசம், உருளைக்கிழங்கு வறுவல். அரிசி ஒரு பொட்டலம், பருப்பு ஒரு பொட்டலம், புளி, ரசப்பொடி, கடுகு, எண்ணெய். கவியாவுக்கு நெய் தனியாக. எல்லாவற்றையும் கம்பெனிக்குக் கொண்டுபோகும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் அடுக்கினாள். வேறு பையில் கட்டி அவளுக்குப் பழக்கமில்லை. கம்பெனி வாசலில் அந்தப் பையைத்தான் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டும். கத்தி, பிளேடு, தீப்பெட்டி, பாக்கு எதுவும் உள்ளே போகக்கூடாது.

கன்னியம்மா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாம்மா மாரி, ஊரு சுத்திப் பாக்கப் போறியா, இல்ல வூட்டையே எத்துக்கினு போறியா?"

"எதையும் விட்ரக் கூடாதும்மா. மதினி பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"அதெல்லாம் சர்தான். காய எத்தால அறுப்ப, பல்லாலயா? கத்தி எங்க கீது?"

சந்தனமாரிக்குத் திக்கென்றது. கத்தி இல்லை. கம்பெனிப் பையில் கத்தி வைக்கக் கை மறந்தே போயிருந்தது. கன்னியம்மா தன் கத்தியை எடுத்து வந்து துணியில் சுற்றிக் கொடுத்தாள். நல்லவேளை, விட்டுப்போன ஒன்றும் கிடைத்துவிட்டது என்று சந்தனமாரி நிம்மதியாகத் தூங்கினாள்.

புறப்படும் நாளன்று செல்வலட்சுமியும் கவியாவும் விடியற்காலை வந்து இறங்கினார்கள். செல்வலட்சுமி தோளில் ஒரு பெரிய துணிப்பை. வாங்கிக்கொள்ளச் சந்தனமாரி கை நீட்டியபோது, "இருக்கட்டும்" என்று மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். முருகனைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றாள். வாடகைக் கார் ஓட்டும் பகலவன் முதலில் வல்லக்கோட்டைக்கு விட்டான். செல்வலட்சுமி கோயில் வாசலில் சூடம் ஏற்றிக் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டியிருப்பாள் என்று சந்தனமாரிக்குத் தெரியும். அவளும் அதையேதான் எதிர்ப்பக்கமாக வேண்டினாள். முருகன் பாடு திண்டாட்டம்.

கோயில் கூட்டத்திலிருந்து கிளம்பவே மத்தியானம் ஆகிவிட்டது. வழியெல்லாம் கவியா அத்தை மடியைவிட்டு இறங்கவில்லை. சந்தனமாரி கொடுத்த பிஸ்கட்டை அத்தை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். மலை வளைவுகளில் அதையும் வாந்தி எடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு தூங்கிப்போனாள்.

வீட்டைக் காட்டிவிட்டுக் காவல்காரர் கோபால் சாவியைக் கொடுத்துப் போனார். மூன்றாம் நாள் வருவதாகச் சொல்லிப் பகலவனும் மலை இறங்கினான். பொழுது சாய்கிற நேரம். மழை பிடித்துக்கொண்டது, கரண்ட்டும் போயிற்று. தூங்கும் பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சந்தனமாரி சமையலறைக்குள் நுழைந்தாள். போன் வெளிச்சத்தில் பொட்டலங்களை வரிசையாக வைத்தாள். அரிசி களைந்தாள், புளி கரைத்தாள், கிழங்கு நறுக்கினாள். கேஸைத் திறந்து, அடுப்பின் குமிழைத் திருகினாள்.

திருகிய கை அப்படியே நின்றது.

பழைய அடுப்பு. தானாகப் பற்றாது. தீப்பெட்டி வேண்டும். குமிழை மூடிவிட்டுப் பையைக் கொட்டினாள், பொட்டலம் பொட்டலமாகத் தடவினாள், அலமாரியெல்லாம் துழாவினாள். இல்லை. எப்படி இருக்கும்? அறையில் இருந்தது கரண்ட் அடுப்பு. கம்பெனி வாசலில் தீப்பெட்டி பிடிபட்டால் அன்றைய வேலையே போச்சு. தீப்பெட்டி என்ற ஒன்றை அவள் வாங்கியே பல வருஷம். கோவில்பட்டியில் பிறந்தவள்! ஊரில் பாதிப்பேர் தீப்பெட்டி செய்கிற ஆபீசுக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். அந்த ஊர்க்காரி ஒரு குச்சிக்கு வழியில்லாமல் மலைமேல் நிற்கிறாள். அவளுக்கு அழுகையும் வந்தது, தன் மேலேயே ஆத்திரமும் வந்தது.

செல்வலட்சுமி கூடத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, ஒல கொதிச்சிருச்சா?"

"தீப்பெட்டி விட்டுப்போச்சு, மதினி."

செல்வலட்சுமி மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். திட்டியிருந்தாலாவது தேவலை. கோபாலுக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. பிள்ளை எப்போது வேண்டுமானாலும் எழுந்து பசி என்று அழும். சந்தனமாரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள்.

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அடுத்ததும் பூட்டுதான். வரும்போது பார்த்த பெட்டிக்கடை நினைவுக்கு வந்தது. சரிவில் இரண்டு முறை வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தால், மழைக்குப் பயந்து அதையும் சாத்திவிட்டார்கள். பலகையைத் தட்டினாள். யாராவது இருக்கீங்களா என்று கத்தினாள். யாரும் திறக்கவில்லை. ஒரு வேளைச் சோறு ஆக்கத் துப்பில்லை, நீ பிள்ளை வளர்க்கப் போகிறாயா என்று செல்வலட்சுமி கேட்கப்போவதை நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

உள்ளே கவியா எழுந்து அழுதுகொண்டிருந்தாள். "சோறு வேணும் அத்தை, வயிறு வலிக்கி."

"அழாத சாமி," என்றாள் சந்தனமாரி, சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. "அம்மா தீப்பெட்டி எடுத்துட்டு வர மறந்துட்டேன். இப்ப யாராவது வருவாங்க."

கவியா அழுகையை நிறுத்தி அவளை அதிசயமாகப் பார்த்தாள். "அத்தை பையில இருக்கே. காலையில சாமிக்கு அத்தைதான கொளுத்துனாங்க."

செல்வலட்சுமி பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். தலை நிமிரவில்லை.

"மதினி. இருந்துச்சா?"

செல்வலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வச்சிக்கிட்டா என்னைய மழையில ஓட விட்டீங்க? பிள்ள பசியில கெடக்குது!"

சந்தனமாரி அதுவரை செல்வலட்சுமியிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போது பையைப் பிடித்து இழுத்தாள். ஜிப் பிய்ந்து எல்லாம் தரையில் கொட்டின. தீப்பெட்டி கடைசியாகத்தான் விழுந்தது. அதற்கு முன்னால் கவியாவின் துணிகள் விழுந்தன. பொங்கலுக்கு எடுத்த பட்டுப்பாவாடை, ஸ்வெட்டர், உள்ளாடைகள், எண்ணெய் வாசம் அடிக்கும் சின்னத் தலையணை, இன்னும் ஒரு வருஷத்துக்குக் காலுக்குப் பெரிதாக இருக்கும் கருப்பு ஸ்கூல் ஷூ. செல்வலட்சுமிக்கென்று ஒரே ஒரு சேலைதான் இருந்தது.

சந்தனமாரிக்குக் கோபம் பாதியில் நின்றது. "மூணு நாளைக்கு இம்புட்டு எதுக்கு, மதினி?"

"மூணு நாளைக்கா கட்டுனேன்?" செல்வலட்சுமி குனிந்து துணிகளைப் பொறுக்கினாள். "விட்டுட்டு வந்துரணும்னுதான் கட்டுனேன். பெத்தவகிட்ட இருக்கணும், அதான் ஞாயம். அங்க கெளம்பையில எல்லாம் தெளிவாத்தான் இருந்துச்சு. இங்க வந்து, நீ குச்சியில்லாம முழிச்சிக்கிட்டு நின்னியா, பாழாப்போன மனசு கேக்கல. அடுப்பு பத்தலைன்னா இன்னும் ஒரு வருசமாவது எங்கூட இருப்பான்னு நெனச்சிட்டேன். என்னையக் கொல்லணும் நீ."

கொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த ஷூவைப் பார்த்த பிறகு அவளுக்குக் கை வரவில்லை. தீப்பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். முதல் குச்சி நமுத்து ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. பின்னால் வந்து நின்ற செல்வலட்சுமி, "ஈரக் கையால கிழிச்சா எப்படிப் பத்தும்? கொடு" என்றாள். தீப்பெட்டியை அல்ல, கையைக் கேட்டாள். இரண்டு கைகளையும் தன் முந்தானையால் விரல் விரலாகத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மூன்றாவது குச்சி பற்றியது.

ரசத்தில் உப்பு கூடிவிட்டது, கிழங்கு ஒரு பக்கம் தீய்ந்துவிட்டது. கவியா அதைச் சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள். யார் மடியில் உட்கார்ந்து என்பதை அன்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் செல்வலட்சுமி ஒற்றையாக நின்றாள். கவியா பென்னலூரில் கன்னியம்மாவின் கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை முகத்தைப் பார்த்தால் போக முடியாது என்று செல்வலட்சுமி சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டாள். வழியனுப்ப வந்திருந்த சந்தனமாரி, பஸ் வந்ததும், "பையக் கொடுங்க மதினி, நான் ஏத்துறேன்" என்றாள். இந்த முறை செல்வலட்சுமி கொடுத்தாள். ஒரு சேலை மட்டும் இருந்த அந்தப் பை காற்றில் ஆடியது. சந்தனமாரி தன் கைப்பையிலிருந்து பட்டுப்பாவாடையையும் சின்னத் தலையணையையும் எடுத்து அதில் வைத்தாள்.

"இத எதுக்குத் திருப்பித் தார?" செல்வலட்சுமி பதறினாள்.

"அங்கயே இருக்கட்டும் மதினி. பரீட்ச லீவுக்கு வருவால்ல, மாத்துத் துணி வேணாமா?"