பள்ளம் பார்த்து மிதித்தவர்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் டிரைஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டி மிதித்த அந்தச் சீனருக்கு முன்பல் இரண்டு கிடையாது. குழி வந்தால் "பள்ளம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தை இறக்குவார்.

அறுபதுகளில் ஒரு காலை. என் ஏழு வயது மகளுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. எங்கே வலிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பரீட்சைக்குப் பயந்து வலிப்பதாக நடிக்கிறாள் என்று அதட்டி, அவர் வண்டியில் பள்ளிக்கு அழைத்துப் போனேன். பாதி வழியில் ஓரமாக நிறுத்தினார்.

"பள்ளத்துல இறங்குனா புள்ள வலது கால மடக்குது. ஆஸ்பத்திரி போலாம் லா."

"வலிச்சா அழ மாட்டாளா?"

"அழுகை வருது அண்ணே. உங்க மூஞ்சியப் பாத்ததும் அடக்கிக்குது."

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தது. அன்றே அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். "சில குழந்தைகளுக்கு இப்படி வெறும் போக்காகத்தான் காட்டும்" என்றார் டாக்டர். அந்தச் சமாதானத்தில் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

டிரைஷாக்காரரிடம் நன்றிகூடச் சொல்லவில்லை. அவர் வண்டியைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஒருநாள் அப்படி அவசரமாக விலகியபோது முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"பள்ளம்."

மூடாத சாக்கடைமேல் வைக்கப்போன என் கால் அந்தரத்தில் நின்றது. அவர் நிற்காமல் மிதித்துப் போய்விட்டார்.