வேணி பார்க்கும் இடம்

இந்த நெதர்லாந்தில் ரயிலில் எதிரே உட்காருகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கண்ணை நேராகப் பார்த்து "ஹாய்" என்பார். வந்த புதிதில் எனக்குத் தூக்கிவாரிப் போடும். நம் பக்கத்தில் அப்படிப் பார்ப்பவர் ஒன்று சொந்தக்காரர், இல்லை வம்புக்கு வருகிறவர். இத்தனைக்கும் என் பிழைப்பே பார்வையை அளப்பதுதான். ஆய்வுக்கூடத்தில் ஒருவரை உட்காரவைத்துத் திரையில் வரிசையாக முகங்களைக் காட்டுவோம். அவர் பார்வை கண்ணில் நின்றதா, மூக்கிலா, வாயிலா என்று கருவி சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டிவிடும்.

என் தங்கை வேணியை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சின்ன வயதில் யாரையும் வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். "ஏட்டி, வந்தவுகள இப்படியா முழுங்குற மாதிரி பாப்பாக?" என்று அம்மா தொடையில் கிள்ளுவார். பெண் பார்க்க வந்த அன்றும் காபித் தட்டோடு நின்று மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். "பொண்ணு கண்ணு கூசாம பாக்குதே. சரி பண்ணிரலாம்" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். இப்போதெல்லாம் வீடியோ காலில் அவள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை.

போன வாரம் மதிய இடைவேளையில் வேணியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்து திரையைக் கவனித்துக்கொண்டிருந்த, கூட வேலை பார்க்கும் அனெலீஸ், "அவள் போனுக்குப் பின்னால் நிற்பது யார்?" என்று கேட்டாள். யாருமில்லை, எங்கள் ஊரில் மூத்தவர் கண்ணைப் பார்த்துப் பேசுவது மரியாதையில்லை என்று விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. "மரியாதை என்றால் கீழேதானே பார்ப்பார்கள்? உன் தங்கை ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மேலே பார்க்கிறாளே" என்றாள். ஊரார் பார்வையையெல்லாம் அளக்கிறவனுக்கு இது தெரியாமல் போயிற்று.

மறுநாள் கூப்பிட்டு, "வேணி, எங்க ஆபீஸ்ல ஒரு சோதனை. செத்த நேரம் கேமராவ மட்டும் பாரு" என்றேன். பார்த்தாள். "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டேன். மேலே பார்க்காமல் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. உதடு துடித்தது, கண் நிறைந்தது. சட்டென்று போன் கை மாறியது. "என்ன மச்சான், சோதனை முடிஞ்சிட்டா?" என்றார் மாப்பிள்ளை, கேமராவை இமைக்காமல் பார்த்தபடி. அதற்குப் பிறகு வேணியின் போன் அணைந்தே கிடந்தது.

வேணியைப் போய்ப் பார்க்கும்படி அம்மாவிடம் சொன்னேன்.

"சொல்லாம கொள்ளாம சம்பந்தகாரவுக வீட்டுக்கு எப்படிலே போறது? அவிய என்ன நினைப்பாக?"

"என்னத்தையும் நினைக்கட்டும். நீ பஸ் ஏறும்மா."

அந்த வாசலில் நின்று அம்மா எனக்கு வீடியோ கால் போட்டார். திரையைக் கதவுப் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். வீடியோ காலில் ஒரு கொடுமை உண்டு. திரையில் தெரியும் வேணியின் கண்ணை நான் பார்த்தால், அங்கே அவளுக்கு நான் வேறெங்கோ பார்ப்பது போலிருக்கும். அவளைத்தான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிய, நான் கேமராவைப் பார்க்க வேண்டும். அப்போது அவள் முகம் எனக்கில்லை. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, என்னையத்தான பாக்க?" வேணியின் குரல். அவளுக்குப் பின்னால் உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

"உன்னையத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன். அப்படியே அம்மாகூட வெளிய வந்துரு" என்றேன், எதிரே இருந்த கறுப்புப் புள்ளியிடம்.