சூடு தெரியாத கை

என் மகளின் வாய் வெந்த அன்று வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். பாலைச் சூடாக்கியவர் என் கணவர். குழந்தைக்குக் கொடுத்தவரும் அவர்தான். நான் அந்த நேரத்தில் செய்யாறில், கம்பெனியில், கையில் உறை மாட்டிக்கொண்டு எலெக்ட்ரானிக் போர்டுகளை டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் குற்றவாளி நான். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"தாய்க்காரி வூட்ல இருந்திருந்தா இப்படி நடக்குமா?" என்றார் என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர், அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் கேட்டதும் கூட இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். என் கணவரோ வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவர் மாதிரி மூலையில் நின்றார்.

பிரசவ லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய புதிது. விடிந்ததும் தாய்ப்பாலைப் பிழிந்து எடுத்து, பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். என் கணவருக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொழில். பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. குழந்தை அழுதால் வந்து பாலைச் சூடாக்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு என்று பேசி வைத்திருந்தோம். பொய் சொல்லக் கூடாது, ஆசை ஆசையாகத்தான் செய்தார்.

அன்று கொதித்த தண்ணீரில் பாட்டிலை நிறுத்தியிருக்கிறார். எடுத்து, எல்லாரும் செய்கிற மாதிரி, கையில் ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறார். சூடே இல்லையாம். திரும்பவும் தண்ணீரில் வைத்து, திரும்பவும் எடுத்து, திரும்பவும் சொட்டு விட்டிருக்கிறார். "எதமாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார், பாவி மனுஷன்.

எந்தக் கையில் விட்டுப் பார்த்தார்? சாய அண்டாவிலிருந்து ஆவி பறக்கப் பறக்க நூலை எடுத்துப் பிழிகிற கையில். அண்டாவுக்குள் விரலை விட்டு, "இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்று சொல்வார். பார்க்கிறவர்கள் அசந்து போவார்கள். ஆரணியில் சாயக்காரர் கைக்கு அப்படி ஒரு மரியாதை. தோல் தடித்து, ரேகைக்குள்ளெல்லாம் ஊதாவும் அரக்கும் ஏறிப்போன கை அது. அண்டாவின் கொதிப்புதான் அதற்குச் சூடு, மற்றதெல்லாம் அதற்கு ஜில்லென்றுதான் இருக்கும்.

அதைவிட ஆத்திரம் எனக்கு வேறொன்றில். சூடு ஒரே சீராக ஏறாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்று நூலை விடாமல் புரட்டிக்கொண்டே இருப்பார். அந்த மனுஷன் பாட்டிலை ஒரே ஒரு தடவை குலுக்கவில்லை! ஓரத்தில் இருந்த பால் கொதித்துப் போயிருக்கிறது, நடுவில் இருந்தது குளிர்ந்து கிடந்திருக்கிறது. "யாரோ கட்டப்போற சேலைக்குக் குடுக்கற கவனம் பெத்த பொண்ணுக்கு இல்லையா?" என்று கத்தினேன்.

நாக்கிலும் அண்ணத்திலும் இருந்த கொப்புளங்கள் சீக்கிரமே ஆறிவிட்டன. ஆனால் பாட்டிலைக் கண்டாலே மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். பாலாடையில் கொடுத்தால் துப்பினாள். என்னிடம் மட்டும்தான் குடித்தாள். நான் லீவு மேல் லீவு போட்டேன். வருகிறாயா, இல்லையா, ஒன்று சொல்லு என்று கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. "வேலைய வுட்டுடு, பேஜாரு வுட்டுது. அவன் சம்பாதிக்கிறான் இல்ல?" என்றார் நாத்தனார். டிப்ளமோ படித்து, வேலை தேடி அலைந்து, ராத்திரி ஷிஃப்டெல்லாம் பார்த்து நான் வாங்கிய வேலை அது. அவருக்கு அது பேஜாராம்!

வேலூரில் ஒரு கடையில் பாட்டில் சூடாக்கும் மெஷின் வாங்கி வந்தேன். விளக்கு எரிந்து, பால் தயார் என்றது. எனக்குத்தான் டெஸ்ட் பண்ணாமல் இருக்க முடியாதே. வயர் மாதிரி மெல்லிய தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தேன். அடியில் சுட்டது, கழுத்துப் பக்கம் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த மாதிரியே இருந்தது. கூட வந்த புத்தகத்தில், கொடுக்கும் முன் தாயின் மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்க்கவும் என்று போட்டிருந்தார்கள். அடப்பாவிகளா! தாயின் மணிக்கட்டு பக்கத்திலேயே இருந்தால் உங்கள் மெஷின் எனக்கு எதற்கு? அன்றே அதைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

நானே செய்வது என்று உட்கார்ந்தேன். ஒரு எவர்சில்வர் பாத்திரம். அடியில் சின்ன ஹீட்டர், ஷாக் அடிக்காதபடி அடாப்டரில் ஓடுவது. தண்ணீர் ஒரே இடத்தில் நின்று சூடாகாமல் பாட்டிலைச் சுற்றிக்கொண்டே இருக்க மீன் தொட்டிக்குப் போடும் குட்டி மோட்டார். தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு மேல் போனால் கரண்டை நிறுத்த ஒரு சென்சார், அது ஏமாற்றினால் நிறுத்த இன்னொன்று. தண்ணீர் குறைந்தாலும் நின்றுவிட வேண்டும். முதலில் பாட்டில் மிதந்து சாய்ந்தது, கம்பி வளையம் வைத்து நிறுத்தினேன். பிறகு மேலே, நடுவே, அடியில் என்று எங்கே அளந்தாலும் ஒரே சூடு. அடுப்படியில் தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. என் கணவர் வந்தார், பாட்டிலை எடுத்தார், பழக்க தோஷத்தில் கையில் சொட்டு விட்டார். "இன்னா இது, ஜில்லுனு இருக்குது? உன் மெஷின் வேலையே செய்யல" என்று சொல்லிக்கொண்டே, சென்சார்கள் நிறுத்தும் சூட்டைக் கூட்டக் குறைக்க நான் வைத்திருந்த குமிழைக் கடைசி வரைக்கும் திருகினார். எனக்கு வந்ததே கோபம்! குமிழைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். எல்லா மெஷினிலும் இருக்கிறதே என்று நானும் வைத்தேன் பாருங்கள், அந்தக் குமிழ்தான் குழந்தைக்கு எமன்.

"ஊரே என் கைய நம்புது. நீ நம்ப மாட்டியா?" என்றார்.

"மாட்டேன்."

நாத்தனாரும் அப்போது கூடத்தில்தான் இருந்தார். "கட்டினவன் கையையே நம்பாதவளா நீ?" என்று ஆரம்பித்தார். இருங்கள் அண்ணி என்று சொல்லிவிட்டு ரெண்டு டம்ளரில் பால் கொண்டுவந்தேன். ஒன்று மெஷினில் சூடான பால். இன்னொன்று அடுப்பில் இருந்து இறக்கிய பால். ரெண்டையும் என் கணவர் முன்னால் வைத்து, விரலை விட்டு எது சூடு என்று சொல்லச் சொன்னேன். நிதானமாக ரெண்டிலும் விரலை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இப்ப குடிச்சுப் பாருங்க."

முதலாவதைக் குடித்து, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கிறது என்றார். இரண்டாவதில் உதட்டை வைத்ததுதான் தாமதம், ஐயோ என்று அலறினார், டம்ளர் உருண்டு ஓடியது. வாயைப் பொத்திக்கொண்டே தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் நான் போய்த் தூக்கவில்லை.

"அதுக்குத்தான் சொல்லிகினு இருக்கறேன், தாய் பக்கத்துல இருக்கணும்னு" என்றார் நாத்தனார்.

"நீ சும்மா இரு அக்கா. வேக வெச்சது என் கை. இவ இல்ல" என்றார் என் கணவர். அத்தனை நாள் அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன், சொன்னதும் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு பாட்டிலைக் குலுக்கி, ஒரு கரண்டியில் கொஞ்சம் ஊற்றித் தன் உதட்டில் வைத்துப் பார்க்காமல் அவர் மகள் பக்கத்தில் போனதில்லை. மகள் அவர் உதட்டையே பார்ப்பாள், பிறகு தலையைத் திருப்பிக்கொள்வாள். அவர் சலிக்காமல் மறுபடி வைத்துக் காட்டுவார். என் லீவு தீர்ந்து போன ஒரு நாள் காலையில், தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, வாயைத் திறந்தாள். நான் தோளில் பையோடு அப்படியே நின்றேன். "போம்மா ஜல்தி, பஸ் போயிடும்" என்றார், பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன மாதம் நாத்தனார் வந்தார். போளூரில் கட்டிக்கொடுத்த அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. "எம் பொண்ணுக்கு அந்த மெஷின் ஒண்ணு செஞ்சி குடும்மா. லீவு முடியப் போவுது, அவ பேங்குக்குப் போவணும் இல்ல?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

செய்து கொடுத்தேன், குமிழ் வைக்காமல். அவர் கையில் கொடுக்கும்போது மட்டும் கேட்டேன், "ஏன் அண்ணி, தாய்க்காரி வூட்ல இருக்க வேணாமா?"

அவர் மெஷினை முந்தானையில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்.