பிரிட்ஜில் பத்து நிமிடம்

மோகனா, சுரேஷ்! உங்கள் நைனாவுக்குக் கோபமே வராது என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்கிறீர்கள். போன ஆவணியில் வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. நாளைக்கு நீங்களும் ஒரு தொழிலில் நிற்பீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். எங்கள் வேலையில் காத்திருப்பது கிடையாது. பெண் வெட்கப்பட்டுத் தலை குனிந்தால், "கொஞ்சம் இப்படிம்மா" என்று இரண்டு விரலால் மோவாயைத் தூக்கி வைத்துவிட்டு கிளிக் செய்வோம். அது கைப்பழக்கம்.

சந்திரகிரிக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட். தோட்டத்துக்கு அபூர்வமான பட்டாம்பூச்சி ஒன்று வருகிறது, ரிசப்ஷன் சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டும் என்று அதன் மேனேஜர் கூப்பிட்டார். அதை முதலில் பார்த்தது அங்கே தோட்ட வேலை செய்யும் வள்ளி. சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க்காரி. அங்கே தங்க வந்த ஒரு கல்லூரி மேடம், இது மலைக்காட்டுப் பூச்சி, இங்கே பார்ப்பதே அரிது, வேலியில் இருக்கிற ஈஸ்வரமூலிக் கொடியில்தான் முட்டை வைக்கும் என்று அவளிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வள்ளி அந்தக் கொடிப் பக்கம் யாரையும் மருந்தடிக்க விடவில்லை.

நான் போன அன்று எட்டு மணிக்கு வந்தது. உள்ளங்கை அகலம். மேல் இறக்கை கறுப்பு, கீழ் இறக்கை மஞ்சள். கொடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்ததே தவிர ஒரு நொடி உட்காரவில்லை. அறுபது ஷாட் எடுத்தேன், எல்லாம் ஷேக் ஆகிக் கலங்கியிருந்தது. பதினொரு மணிக்குப் புத்தூரில் எனக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது.

"கம்முனு குந்திக்கினு இருண்ணா" என்றாள் வள்ளி. "இப்பதான் எல எலயா பாத்துக்கினு கீது. வெயில் ஏறுனா தானா குந்தும்."

மேனேஜர் கேட்கவில்லை. தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்: "டைம் லேது அண்ணா. சாயங்காலம் ஓனர் வராரு. புடிச்சு பிரிட்ஜுல பத்து நிமிஷம் வெச்சா ஆடாது. வீடியோல பாத்திருக்கேன்."

"அது இன்னா தயிரா, பிரிட்ஜுல வெக்க?"

அவர் அவளைப் புல்லுக்குத் தண்ணீர் விடப் போகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாட்சைப் பார்த்தேன்.

கொசுவலையில் பிடித்து, ஸ்வீட் டப்பாவில் போட்டு, சமையலறை பிரிட்ஜில் வைத்தார்கள். எடுத்து ஒரு செம்பருத்தி மேல் வைத்தபோது பொம்மை மாதிரி இருந்தது. ஆனால் இறக்கை மூடியிருந்தது. என் இரண்டு விரலும் நான் யோசிப்பதற்குள் இறக்கைக்குப் போய்விட்டன. மெதுவாகத்தான் பிரித்தேன். இருபது ஷாட், எல்லாம் ஷார்ப். விரலைப் பார்த்தால் கறுப்பும் மஞ்சளுமாகத் தூள். அது தூள் இல்லை, இறக்கையின் செதில் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

வெயில் பட்டதும் அது எழுந்திருக்கப் பார்த்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து புல்லில் விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. பிறகு எறும்பு வந்தது.

"இன்னொண்ணு வரும், வுடு அண்ணா" என்று மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வள்ளி வந்து அதை ஓர் இலையில் எடுத்து எறும்பை ஊதிவிட்டாள்.

"முட்ட வெக்க எடம் தேடிக்கினு வந்துச்சுண்ணா" என்றாள். பிறகு கேட்டாள். "போட்டோ நல்லா வந்துச்சா?"

நான் பையைத் தூக்கிக்கொண்டு புத்தூருக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் போன் செய்தார். இறக்கையில் இரண்டு இடம் வெளுத்திருக்கிறதாம், கல்யாணப் பெண்ணுக்குப் பரு எடுப்பது போல டச்சப் பண்ணிக் கொடுக்க வேண்டுமாம். பண்ணிக் கொடுத்தேன். மேனேஜர் மேல் இருக்கிற கோபத்தைவிட என் மேல் இருக்கிற கோபம் பெரிதானது அப்போதுதான். இன்றைக்கு அது அங்கே சுவரில் நாலடி உயரத்துக்குத் தொங்குகிறது. கீழே 'எங்கள் தோட்டத்து விருந்தாளி' என்று எழுதியிருக்கிறார்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று செல்பி எடுக்கிறார்கள். தோட்டத்துக்கு வேறொன்று வரவே இல்லை என்று வள்ளி சொன்னாள்.

பிள்ளைகளே, எந்த வேலைக்குப் போனாலும் அந்த இடத்தை நன்றாக அறிந்தவர் யார் என்று முதலில் பாருங்கள். அவர் நாற்காலியில் இருக்கமாட்டார், தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் பொறு என்றால் பொறுங்கள். நேரம் இல்லையென்றால் வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள். நான் திட்டமாட்டேன்.

டச்சப் செய்த படத்தைக் கொடுத்தனுப்பிய மதியம் ஸ்டுடியோவில் யாரும் இல்லை. டச்சப் செய்யாத பைலைத் திறந்து, அந்த வெளுத்த இரண்டு இடத்தை மட்டும் பெரிதாக்கி பிரிண்ட் போட்டேன். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்ட தடம் தெளிவாகத் தெரிந்தது. கேமராப் பையின் மூடியைத் திறந்தால் கண்ணில் படுகிற உள்பக்கத்தில் அதை ஒட்டினேன்.