தராசு பிடித்த லட்சுமி

அது ஆசிரியையின் சொந்த நாணயம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ரோம வெள்ளி. வகுப்பில் ஒவ்வொருவராக அதை வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கத்தையும் பார்த்து வரைந்துவர வேண்டும். எனக்குக் கடைசியாகத்தான் தந்தார். அது எண்பத்தாறாம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. ஏன் கடைசி என்று தெரியாத அளவுக்கு நான் மொக்கு இல்லை.

சுவிஸில், வின்டர்தூரில், பள்ளியிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அந்த வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம் எடுத்தேன். பத்தடிக்கு ஒருதரம் நின்று சட்டைப்பையைத் தடவினேன். "தொலைத்தால் உங்களை நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள்" என்று கூடப் படிக்கும் ஒருவன் சொல்லியிருந்தான். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

அப்பா நாணயத்தை யன்னலோரம் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கத்தில் இலைமாலை சூடிய அரசனின் தலை. "என்ன ராசா இவர், முடியில்லாமல் தலையில வேப்பிலையைக் கட்டிக்கொண்டு? அம்மாள் வருத்தமோ?" அம்மைநோயைத்தான் அப்படிச் சொன்னார்.

அம்மா மற்றப் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு கையில் தராசும், மறுகையில் பழம் நிறைந்த கொம்புமாக ஒரு பெண்.

"லட்சுமியெல்லோ! கறுத்துப்போய் நிக்கிறா, பாவம்."

"லட்சுமியில்லை அம்மா. தொடாதேங்கோ."

"ஓம், நீ பெரிய ரோமாபுரிக்காரி."

சனிக்கிழமை நான் குளித்துவிட்டு வரும்போது காரியம் முடிந்திருந்தது. அம்மா பழப்புளி போட்டுத் தேய்த்து, திருநீற்றால் துலக்கியிருந்தாள். எங்கள் வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழைத் துலக்குவது அப்படித்தான். லட்சுமி நேற்றுத்தான் அச்சடித்ததுபோலப் பளபளத்தாள்.

"ஆர் உங்களைக் கேட்டது?" என்று கத்தினேன்.

"கத்தாதை. ஊத்தையாய்த் திருப்பிக் குடுத்தால் என்ன கதைப்பினம்? தமிழாக்களின்ரை வீடு அப்பிடித்தான் எண்டுவினம்."

ஞாயிறு முழுக்க நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. பென்சில் கரியைப் பூசிப் பார்த்தேன். துடைக்க வந்துவிட்டது.

திங்கள் ஆசிரியை நாணயத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா செய்தது, நானில்லை" என்றேன். பெற்ற தாயைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்தக் கறுப்புத்தான் நாணயத்தின் வயது, அது இனி வராது என்றார் அவர். அம்மாவை ஒருதரம் வரச்சொன்னார்.

நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அம்மா பட்டுச்சேலை உடுத்து வந்தாள். அவளுக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, தெரியாது. நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

தனக்குக் கோபமில்லை, ஆனால் பழைய பொருளை இப்படிக் கழுவக்கூடாது என்று சொல்லச் சொன்னார் ஆசிரியை. "நல்ல வடிவாயிருக்காம், நன்றியாம்" என்றேன்.

"லட்சுமியைக் கறுக்க விடக்கூடாது எண்டு சொல்லு" என்றாள் அம்மா. அம்மா மன்னிப்புக் கேட்கிறார் என்று ஆசிரியையிடம் சொன்னேன்.

ஆசிரியை தலையாட்டினார். சிரிக்கவில்லை. அம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது வழிநெடுக நான் மட்டும்தான் கதைத்தேன். ஒருவருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டேன் என்று எனக்குள் ஒரே துள்ளல். அதற்குப் பிறகு பள்ளியில் கூப்பிட்ட ஒருநாளும் அம்மா வரவில்லை. வேலை இருக்கிறது என்றாள். நானும் வேலைதான் என்று நம்பினேன்.